ஆற்றுக்குப் போகாதது

காலையில் தொட்டியின் நுரை வெள்ளையாக இருந்தது.

நல்ல நாளில் அது பழுப்பாக இருக்கும். மழை ஓய்ந்த தோட்டத்து மண்போல ஒரு வாசனை வரும். டல்லிங் கழிமுகத்தின் கழிவுநீர் நிலையத்தைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டே வருவார்கள். தொட்டி ஓரத்தில் கையை எடுத்துவிட்டு, இவ்வளவுதானா என்பதுபோல நிற்பார்கள். அன்று அந்த மண் வாசனை இல்லை. ஈரத் துணியைப் பல நாள் வாளியில் விட்டதுபோல ஒரு நாற்றம் மட்டும் இருந்தது.

மெரின் ஹோபன் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிலையத்தை நடத்துபவள் அவள். நான் நீர்ச்சோதனை செய்பவன். சனிக்கிழமைகளில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

"ஆக்சிஜன் என்ன காட்டுது?"

"ஏறிட்டே போகுது."

"காத்து ஊதுற மோட்டாரைக் கூட்டி வச்சியா?"

"தொடவே இல்ல."

அவள் கம்பியிலிருந்து நிமிர்ந்தாள்.

தொட்டிக்குள் நாங்கள் ஊதும் காற்றை இழுப்பவை பாக்டீரியாக்கள். ஊரார் கழுவிவிடும் அத்தனையும் அவற்றின் சாப்பாடு. தின்னும்போது மூச்சு வாங்கும். ஆக்சிஜன் ஏறுகிறது என்றால் காற்று அதிகம் என்று பொருள் இல்லை. இழுக்க ஆள் இல்லை என்று பொருள்.

ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். பாக்டீரியாக்களைத் தின்று வாழும் சின்ன உயிர்கள் உண்டு. காம்பு நுனியில் மணி கவிழ்ந்ததுபோல இருக்கும். தொட்டால் சுருள்கம்பிபோலச் சுருங்கி மறுபடி நீளும். எல்லா மணிகளும் காம்பிலிருந்து கழன்று கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை.

மெரின் என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள்.

"எவனோ எதையோ ஊத்தியிருக்கான்."

அடுத்த வேலைகளை அவள் பேசாமல் செய்தாள். ஊரிலிருந்து வரும் குழாயைத் தொட்டியிலிருந்து திருப்பி மழைக்காலத்துக்கென்று வெட்டிய குளத்துக்கு விட்டாள். தொட்டியிலிருந்து வெளியேறும் வாயை மூடினாள். அடுத்த ஊர் நிலையத்துக்குப் போன் செய்து, பாக்டீரியா உயிரோடிருக்கும் சேறு ஒரு லாரி கேட்டாள். பால் உறையவில்லை என்றால் பக்கத்து வீட்டில் உறை வாங்குவதுபோலத்தான். கடைசியாக அரசாங்கத்தின் சிப்பித் துறை அதிகாரிக்கு. ஒலிபெருக்கியைப் போட்டிருந்தாள். நானும் கேட்டேன்.

அதிகாரி குரலை உயர்த்தவில்லை. "சாயங்காலத்துக்குள்ள என்ன விஷம், எங்கேருந்து வந்தது, நின்னுடுச்சா, இந்த மூணும் எனக்குத் தெரியணும். தெரிஞ்சா யோசிக்கலாம். தெரியலைன்னா ராத்திரி வர்ற மழைக்கு முன்னாடி மொத்த ஆத்தையும் மூடிடுவேன், யாரும் சிப்பி எடுக்க முடியாது. உங்க குளம் வழிஞ்சு ஆத்துல எறங்குற வரைக்கும் நான் உக்காந்திருக்க முடியாது."

"கிறிஸ்துமஸ் வாரம் இது."

"தெரியும்."

டல்லிங் ஆற்றில் எல்லோருக்கும் அது தெரியும். இங்கே கிறிஸ்துமஸ் நடுக்கோடையில் வரும். வருடம் முழுக்க ஆற்றில் கூடைகளில் போட்டு, திருப்பித் திருப்பி வளர்த்த சாப்பாட்டுச் சிப்பி அந்த ஒரு வாரத்தில்தான் விற்கும். அந்த வாரம் ஆறு மூடினால் அவர்களுக்கு வருடமே மூடிய மாதிரி. மெரினின் புருஷன் டாரிலும் சிப்பிக்காரன்தான்.

தெற்கே வானம் இன்னும் சுத்தமாக இருந்தது. ஆனால் காற்று நின்றுவிட்டிருந்தது. இங்கே காற்று நின்றால் மழைக்கு முந்தைய தெற்குக் காற்று கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

ஒவ்வொரு விஷமாகச் சோதித்துக்கொண்டு வந்தேன். குளோரின் இல்லை. அமிலம் இல்லை. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் சோதனைக் குழாயில் செம்புக்கான பொடியைப் போட்டுக் குலுக்கினேன். தண்ணீர் ஊதா நிறமானது.

என் மனைவி போன பிறகு சனிக்கிழமை மதியச் சாப்பாடு எனக்கு மெரின் வீட்டில்தான். யாரும் அழைத்ததாக நினைவில்லை. தட்டு ஒன்று கூடுதலாக இருந்தது. அன்றும் போனேன். கையில் அந்தச் சோதனைக் குழாய் இருந்தது.

டாரில் நேற்றைய ஆட்டிறைச்சியை மெல்லிசாக நறுக்கிக்கொண்டிருந்தான். மேசையில் வினிகரில் ஊறிய பீட்ரூட், தக்காளி, வெண்ணெய், ரொட்டி. வானொலியில் கிரிக்கெட். காலையிலிருந்து ஆற்றில் நின்றதால் அவன் கால்களில் முழங்கால் வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"புரொபசர் வந்தாச்சு. என்னய்யா, சாப்பாட்டு மேசைக்கு மூத்திரம் எடுத்துட்டு வர்ற?"

"செம்பு," என்றேன்.

மெரின் தட்டைக் கீழே வைத்தாள். "செம்பா?"

"நிறையவே."

டாரில் கத்தியால் மேசையைத் தட்டினான். "படகுப் பட்டறை வின்ஸ்! நான் அப்பவே சொன்னேன். படகுக்கு அடியில அடிக்கிற பெயிண்டு பூராவும் செம்புதான். சிப்பி ஒட்டக்கூடாதுன்னே கலக்குறான். சுரண்டிச் சுரண்டிச் சாக்கடையில கழுவி விட்டிருக்கான் அந்தக் கிழவன்."

"பாக்காம சொல்லாத."

"இதுல பாக்க என்ன இருக்கு? இந்த ஆத்துல வேற யார் செம்பை வச்சு வேலை பண்றா? நாம எல்லாரும் தெருவுல மழைத்தண்ணி ஓடுற வடிகால்ல சோப்புத் தண்ணி கூட விட மாட்டோம். எங்கப்பா வடிகால் மூடி மேல மீன் படம் வரைஞ்சு வச்சாரு, இது ஆத்துக்குப் போகுதுன்னு. ஊர்ல பொறந்த எல்லா ஜென்மத்துக்கும் தெரியும். அவன் வந்தேறி."

"முப்பது வருஷமா இங்க இருக்கார், டாரில்."

"வந்தேறிதான்."

மெரின் ரொட்டியை இரண்டாக மடித்து வாயில் திணித்துக்கொண்டு எழுந்தாள். "நீ சாப்பிட்டுட்டு வா," என்றாள் என்னிடம். நானும் மடித்துக்கொண்டேன்.

வின்ஸ் சாமுட்டின் படகுப் பட்டறை ஆற்றின் அக்கரையில் இருக்கிறது. பாலம் சுற்றிப் போக வேண்டும். அவர் ஒரு பாய்மரப் படகின் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து படுத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். முகம், தாடி எல்லாம் சிவப்புத் தூள்.

"செம்பு வந்திருக்கு, வின்ஸ். உங்க குழாயை இப்போதைக்கு அடைக்கணும்."

அவர் வெளியே ஊர்ந்து வந்து உட்கார்ந்தார். கீழே விரித்திருந்த தார்ப்பாயைக் காட்டினார். சுரண்டியது எல்லாம் அதில் குவிந்திருந்தது.

"இதை மூட்டை கட்டி லாரியில அனுப்புறேன். அதுக்குச் சீட்டு வச்சிருக்கேன். காட்டவா?"

"சீட்டு வேணாம். சாயங்காலம் வரைக்கும்தான்."

"அப்போ என் கக்கூஸ்?"

"பெட்ரோல் பங்க்ல போய்க்கங்க."

"இந்த வயசுல பெட்ரோல் பங்க் வரைக்கும் அடக்கணும்." அவர் சிரிக்கவில்லை. "உன் புருஷன் சொன்னானா?"

மெரின் குழாயருகே குனிந்தாள். ரப்பர் அடைப்பானைக் குழாய் வாய்க்குள் தள்ளிக் காற்றடித்தாள். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வின்ஸ் அவர்களைப் பார்த்தார். பிறகு மறுபடி படகுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

நிலையத்துக்குத் திரும்பியபோது லாரி வாசலில் நின்றது. பெவ் ஓட்டுநர் இருக்கையில் கால்களை வெளியே நீட்டிக்கொண்டு தர்பூசணி தின்றுகொண்டிருந்தாள். அடுத்த ஊர் நிலையத்துக்காரி. லாரித் தொட்டிக்குள் சின்னக் குழாய் விட்டுக் காற்று ஊதிக்கொண்டே வந்திருந்தாள். உள்ளே கொப்பளிக்கும் சத்தம் கேட்டது.

"என் செல்லங்க எல்லாம் உசுரோட கொண்டாந்துட்டேன். மலை ஏறும்போது எல்லாம் பாட்டுப் பாடிட்டு வந்தேன். எங்க எறக்க?"

"கொஞ்சம் பொறு. குழாயில இன்னும் விஷம் வருதான்னு பாக்கணும்."

"பொறுக்க இதென்ன செங்கல்லா? வெயில்ல வெந்துடும். ரெண்டு மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல உனக்கு வர்றது சேறு இல்ல, சூப்பு. இன்னொரு லோடு கேக்காத. என் தொட்டியில இதுக்கு மேல எடுத்தா நான் நாறிடுவேன்."

வின்ஸின் குழாயை அடைத்து நேரமாகியிருந்தது. வரும் தண்ணீரை எடுத்துப் பொடி போட்டேன். ஊதா. காலையில் இருந்ததைவிட ஒரு துளிகூட வெளுக்கவில்லை.

மெரின் குழாயை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அக்கரையில இல்ல."

பிறகு இரும்புக் கொக்கியை எடுத்து வண்டியில் போட்டாள். "மேன்ஹோல் மேன்ஹோலா ஏறுவோம்."

எங்கள் வேலையில் இதற்கு வேறு வழி கிடையாது. ஊரின் குழாய்கள் மரம்போல. அடிமரத்திலிருந்து கிளை கிளையாக மேலே ஏற வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் மூடியைத் தூக்கி, இரண்டு கிளையிலும் தண்ணீர் மொண்டு, எது ஊதாவோ அந்தப் பக்கம் போக வேண்டும். அவள் மூடியைத் தூக்குவாள். நான் கயிற்றில் டப்பாவை இறக்குவேன்.

முதல் பிரிவில் பள்ளிக்கூடம், மருத்துவமனைப் பக்கம் தெளிவு. கடைத்தெருப் பக்கம் ஊதா.

கடைத்தெருவில் கறிக்கடைக்காரர் வாசலில் வந்து நின்றார். "என்னம்மா, யார் கம்மல் விழுந்துடுச்சு?"

"உங்க மனசாட்சி விழுந்துடுச்சாம். தேடுறோம்."

"கிடைச்சா நீயே வச்சுக்க."

மெரின் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

கேரவன் முகாம் பிரிவு. நான் அங்கேதான் இருக்கும் என்று நினைத்தேன். ஊர் ஊராகப் போகிறவர்கள் கேரவன் கக்கூஸில் நீல மருந்து போடுவார்கள். முகாம் பக்கம் தெளிவு. ஆற்றங்கரைப் பக்கம் ஊதா.

அதற்கு மேலே படகுத்துறை, மீன் கடை, பிறகு சிப்பிக் கொட்டகைகள் மட்டும்தான். வியர்வை அவள் கழுத்தில் ஓடியது. கொக்கியை வண்டியில் போடாமல் கையில் வைத்துக்கொண்டே நடந்தாள்.

மீன் கடை தெளிவு. முதல் கொட்டகை தெளிவு. இரண்டாவது தெளிவு. பெவ் போன் செய்தாள். "மெரின், நுரை கட்டுது. சத்தம் மாறுது." மெரின் "ம்" என்று வைத்துவிட்டாள்.

கடைசி மேன்ஹோலில் பொடி கரைவதற்கு முன்பே நிறம் ஏறியது. ஊதாகூட இல்லை, கறுப்பு.

அந்த மேன்ஹோலைத் தாண்டி ஒரே ஒரு கொட்டகைதான் இருக்கிறது.

டாரில் உள்ளே சாக்கு மூட்டைகளில் சிப்பியை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தான். வானொலி ஓடியது. மூட்டைகள் சுவர் ஓரமாக இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் உணவகத்தின் பெயர் கட்டியிருந்தது.

"கிழவன் என்ன சொன்னான்? அழுதானா?"

மெரின் அவனைத் தாண்டிப் போனாள். மூலையில் கழுவும் தொட்டி. பக்கத்தில் பலகை மேல் துருப்பிடித்த ஒரு பீப்பாய். அதிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் தொட்டிக்குள் தொங்கியது. நுனியிலிருந்து பச்சையாக ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. மேலே தண்ணீர்க் குழாய் நூல்போலத் திறந்திருந்தது.

அவள் ரப்பர் குழாயை மடித்துப் பிடித்தாள். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது என்ன?"

"அப்பாவோட தூண் தைலம். முன்னாடி மரச்சட்டத்துல வளத்தாங்கள்ல, கப்பல் புழு அரிக்காம இருக்கத் தடவுவாங்க. அடுத்த மாசம் தணிக்கைக்கு வர்றான், கொட்டகையில பழசு எதுவும் இருக்கக்கூடாதுன்னு நீதானே கத்தின."

"எப்பலேருந்து ஓடுது?"

"வியாழக்கிழமைலேருந்து. ஒண்ணு காலியாயிடுச்சு. இது ரெண்டாவது. ஏன், என்ன? ஆத்துலயா ஊத்தினேன்? வடிகால்லயா ஊத்தினேன்? உன் குழாயிலதானே விட்டேன்."

"பச்சையா இருக்கே, ஏன்னு யோசிச்சியா?"

"பச்சைத் தைலம்னா பச்சையாத்தான்…"

அவன் நிறுத்தினான். என் கையிலிருந்த சோதனைக் குழாயைப் பார்த்தான். பீப்பாயைப் பார்த்தான். பிறகு வானொலியை அணைத்தான்.

"செம்பா அது?"

"செம்புதான்டா."

டாரில் பீப்பாயின் பக்கத்தில் வந்து நின்றான்.

"சொட்டுச் சொட்டாத்தான் விட்டேன், மெர். தண்ணியும் சேத்து. ஒரேயடியா ஊத்தினா உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்."

"ஒரேயடியா ஊத்தியிருந்தா செத்தது போக மிச்சம் பொழைச்சிருக்கும். நீ ராத்திரி பகலா ஊட்டியிருக்க."

"நீ சொல்லுவியே, பள்ளிக்கூடத்துப் பசங்க கிட்ட. இந்த ஊரு எதை அனுப்பினாலும் என் பூச்சிங்க தின்னு ஏப்பம் விடும்னு. கேட்டுட்டு வந்து நானே நாலு பேர் கிட்ட சொல்லியிருக்கேன்."

"பீயைச் சொன்னேன், டாரில்!"

அவள் கத்தியதில் வெளியே கம்பத்தில் இருந்த கூழைக்கடா எழுந்து பறந்தது.

"பழைய மருந்துப் பீப்பாய் வாங்குற லாரி வந்துச்சே. அதுல குடுத்தா என்ன?"

"அன்னிக்கு நல்ல வத்தம், ஆத்துல தண்ணி எறங்கியிருந்துச்சு. கூடை திருப்புற நாளு. லாரிக்காரன் இனி அடுத்த வருஷம்தான் வருவான்." அவன் மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தான். "இப்ப நின்னுடுச்சுல்ல. ஆத்துக்கு ஒரு சொட்டு போகல. காலையில போன்ல நீயே சொன்ன."

"அதிகாரி கேக்குறார். எங்கேருந்துன்னு."

"தெரியலைன்னு சொல்லு."

"தெரியலைன்னா மொத்த ஆத்தையும் மூடுவார். எல்லார் சிப்பியும் போகும்."

அவன் தரையைப் பார்த்தான். ஒரு சிப்பி மூட்டையிலிருந்து விழுந்து கிடந்தது. எடுத்துத் துடைத்தான்.

"கிழவன் குழாயைத்தான் ஏற்கெனவே அடைச்சாச்சே. அவனுக்கென்ன, சிப்பியா இருக்கு?"

மெரின் அவனையே பார்த்தாள். அவன் நிமிரவில்லை. கழுத்து மட்டும் சிவந்தது.

"புரொபசர், நீ என்னய்யா சொல்ற?"

சோதனைக் குழாய்க்கு மூடி போட்டுப் பையில் வைத்தேன்.

போன் அடித்தது. பெவ். "எறக்கவா, திருப்பி ஓட்டிட்டுப் போகவா? சொல்லித் தொலை. உள்ள மூச்சுத் திணறுது இதுங்களுக்கு."

மெரின் ஒரு கையால் ரப்பர் குழாயை இன்னும் மடித்துப் பிடித்திருந்தாள். "எறக்கு. காலியா இருக்குற ரெண்டாவது தொட்டியில. பழைய தண்ணி எதுவும் சேரக்கூடாது. குழாய் கழுவி முடியிற வரைக்கும் ஊர்லேருந்து வர்றது குளத்துக்கே போகட்டும்."

"கண்டுபிடிச்சுட்டியா?"

"ம்."

"எந்த நாய்?"

மெரின் வைத்துவிட்டாள். நான் பீப்பாயின் துவாரத்தை அடைத்தேன். அப்புறம்தான் அவள் விரல்களை விட்டாள். அவற்றில் பச்சை படிந்திருந்தது. கால்சட்டையில் துடைத்துவிட்டு அதிகாரியை அழைத்தாள். இந்த முறை ஒலிபெருக்கியைப் போடவில்லை. ஆனால் கொட்டகை அமைதியாக இருந்தது. இரண்டு பக்கமும் கேட்டது.

"செம்பு. மரத்துக்குப் பூசுற பழைய மருந்து. ஒரு சிப்பிக் கொட்டகையிலேருந்து சாக்கடைக் குழாய்க்குப் போயிருக்கு. நிறுத்தியாச்சு. பீப்பாய்க்கு முத்திரை வைக்கிறோம்."

"ஆத்துல?"

"இல்ல. தொட்டியை மூடியாச்சு. மிச்சம் எல்லாம் குளத்துல இருக்கு. மழை வானிலைக்காரங்க சொன்ன அளவு பெஞ்சா குளம் தாங்கும்."

"தாங்குற வரைக்கும் மத்தவங்க அறுவடை பண்ணட்டும். அந்தக் கொட்டகைக்காரங்க ஆத்துல எடுத்திருக்குற குத்தகை மட்டும் இப்பவே நிறுத்தம். எடுத்து வச்ச சிப்பியும் வெளிய போகக்கூடாது. விசாரணை முடியிற வரைக்கும். குத்தகை யார் பேர்ல?"

"டாரில் ஹோபன்."

மறுமுனையில் தட்டச்சு செய்யும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

"அவர் பேர்ல மட்டும்தானா?"

"கூட்டுக் குத்தகை. மெரின் ஹோபன்."

"அவங்களையும் நான் பதிவுக்குக் கேக்கணும். நம்பர் இருக்கா?"

"இதுதான் நம்பர். நான்தான்."

போனை வைத்துவிட்டு அவள் முதல் மூட்டையின் கட்டை அவிழ்த்தாள். நிறுத்தச் சொன்ன சிப்பி உயிரோடு இருக்க வேண்டுமென்றால் இருட்டுவதற்கு முன் கூடைக்குத் திரும்பித் தண்ணீருக்குள் போயாக வேண்டும். பெயர்ச் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டாள். தெற்குக் காற்று வந்துவிட்டது. கொட்டகையின் தகரம் மொத்தமாக ஒருமுறை அதிர்ந்தது.

டாரில் எழுந்தான். "வின்ஸோட அடைப்பானை நான் எடுத்துட்டு வரேன்."

"உனக்கு எடுக்கத் தெரியுமா?"

"காத்தை எறக்கினா வந்துடும்ல."

"மூஞ்சியைத் தள்ளி வச்சுக்க. பின்னாடி நிக்கிறது எல்லாம் ஒரேயடியா வரும்."

"வரட்டும்."

"வண்டியில போ. காத்து அடிக்குது."

"பாலம் சுத்திப் போனா மனசு மாறிடும்," என்று சொல்லிவிட்டு அவன் தட்டைப் படகை அவிழ்த்தான்.

நான் வாசலில் நின்று பார்த்தேன். ஆற்று நீர் கடலை நோக்கி இறங்கும் நேரம். அதற்கு எதிராகக் காற்று. ஆறு முழுக்கச் சின்னச் சின்னதாக வெள்ளை உடைந்துகொண்டிருந்தது. அவன் சாய்வாக ஓட்டி அக்கரைப் பட்டறையின் துறையை அடைந்தான். வின்ஸ் துறையின் நுனிக்கு வந்து நின்றார். பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் பின்னால் நின்றார்கள்.

இந்த ஆற்றில் ஒரு படகு துறைக்கு வந்தால் மேலே நிற்பவர் கயிற்றை வாங்கிக் கட்டுவார். சண்டைக்காரனாக இருந்தாலும் கட்டிவிட்டுத்தான் சண்டை. டாரில் கயிற்றை வீசினான். வின்ஸ் கைகளைத் தொங்கவிட்டபடியே நின்றார். கயிறு அவர் காலடியில் விழுந்து, பலகையில் வழுக்கி, தண்ணீரில் போய் விழுந்தது.

படகு பின்பக்கமாக இழுபட்டது. டாரில் எட்டித் தூணைக் கட்டிப்பிடித்தான். அப்படியே பிடித்துக்கொண்டு தலையை நிமிர்த்திப் பேசத் தொடங்கினான். இங்கே எதுவும் கேட்கவில்லை.

மெரின் எனக்கு முதுகைக் காட்டியபடி சிப்பிகளைக் கூடையில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"கயிறு வாங்கினாரா?"

"இல்ல."

"திரும்பிட்டானா?"

"இல்ல. தூணைப் பிடிச்சுட்டு நிக்கிறாப்ல. பேசிட்டிருக்காப்ல."

அவள் அடுத்த மூட்டையை இழுத்தாள்.